பக்கவாதத்துக்கான ஊசியை முதல் மருத்துவமனையிலேயே போட விடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள், பொது சுகாதாரம் ஆகிய இயக்ககங்களின் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. வட சென்னையில் பக்கவாதம் (ஸ்ட்ரோக்) வந்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் போய்வருகிறேன். மருத்துவமனையில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகோ, செய்யாமல் விட்ட பிறகோதான் நோயாளி என்னிடம் வருகிறார். அதில் ஒரு வசதி உண்டு. பதற்றம் அடங்கிய பிறகு குடும்பத்தார் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு வாய் கோணியது, முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்று நானும் விடாமல் கேட்பேன்.

அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குப் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடி ஸ்கேனும், இரவு பகலாக ட்யூட்டி டாக்டரும் இருக்கிற எந்த அரசு மருத்துவமனையும், நரம்பியல் நிபுணர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, வாத நோயாளியை, மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடாமல் மேலே அனுப்பக் கூடாது. ஊசியை அங்கேயே போட்டுவிட்டு அப்புறம் அனுப்பட்டும். அதற்கு ஓர் அரசாணையும், மருந்தும், போனில் உடனே எடுத்துப் பேச ஒரு நிபுணரும் வேண்டும்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏலத்தில் நின்றுகொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து ரூபாய் நோட்டுகள் நழுவி விழுந்தன. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பேச்சு குழறியது. சுற்றி இருந்தவர்கள் சோடா உடைத்துக் கொடுத்தார்கள், பாதி வாயோரமாக வழிந்தது. ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். பிபி 200க்கு மேல் இருந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, கையில் ட்ரிப்ஸ். “பிபி இறங்கட்டும், பார்க்கலாம்” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். எட்டரை மணிக்குக் காலும் அசையவில்லை என்றதும், பெரிய இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அடுத்துப் போன மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் இருந்தது. ஒன்பதரைக்கு ஸ்கேனும் எடுத்தாயிற்று. மூளையில் ரத்தக்கசிவு இல்லை. வாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும், அதற்கு இன்னும் அரை மணி மிச்சம். அங்கிருந்த ட்யூட்டி டாக்டருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது என்கிறார் அக்காவின் மகன். அவர் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டார். மருந்து அங்கே ஸ்டாக் இல்லை. இருந்தாலும் தான் போட முடியாது, நரம்பியல் டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி, ரெஃபர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது மருத்துவமனையின் வாசலில் இறங்கும்போது மணி பத்தரை. “டைம் தாண்டிடுச்சு.”

அந்த ட்யூட்டி டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுத்தில் ஓர் உத்தரவு இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் பழி முழுக்கத் தன் தலையில்தான் விடியும் என்ற நிலையில் யார்தான் துணிந்து போடுவார்கள்? அந்தத் துணிச்சலை ஒரு தனி மனிதரிடம் எதிர்பார்க்காமல், துறை அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

உங்களுக்குத் தெரிந்த மருத்துவத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைப்பதால் வருகின்றன. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாய் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும். ஸ்கேன் எடுக்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அடைப்புக்குக் கொடுக்கிற மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். நம் மாநிலத்தில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். அதையே வாதத்துக்கும் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. ஸ்கேனுக்கு முன்னால் வாதக்காரருக்கு ஆஸ்பிரின் கூடக் கொடுக்கக் கூடாது. அதனால் வாதத்தில் முதல் படி மாத்திரை கிடையாது, ஸ்கேன்தான். ஸ்கேன் இல்லாத இடத்தில் நோயாளியை ஒரு நிமிடம் படுக்க வைத்தாலும் அது நஷ்டக் கணக்குத்தான்.

கட்டியைக் கரைக்கும் ஊசி வேலை செய்கிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது 1995-ல். அப்போது மூன்று மணி நேரம்தான் கெடு. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. நம்மிடம் வந்து சேர இவ்வளவு தாமதம் ஆக இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஊசி எல்லோரையும் எழுந்து நடக்க வைத்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த முதல் ஆய்வில், ஊசி போட்டவர்களில் மூன்று மாதம் கழித்து ஊனமே இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருந்தவர்கள், போடாதவர்களைவிட 30 சதவீதமாவது அதிகம். அதே ஆய்வில் நூற்றில் ஆறு பேருக்கு மூளையில் ஆபத்தான கசிவும் ஏற்பட்டது. இருந்தும் மொத்தச் சாவு எண்ணிக்கை கூடவில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வதற்கும், மகளைக் கூப்பிட்டுப் போடச் சொல்வதற்கும் இருக்கிற வித்தியாசம் இந்தச் சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. எனக்கு அது தினமும் கண்ணில் படுகிற விஷயம்.

நிபுணர் இல்லாமல் எப்படி என்ற கேள்விதான் எப்போதும் முதலில் வருகிறது. இமாசலப் பிரதேசம் இதைப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. மலைப்பாதையில் பல மணி நேரம் போனால்தான் நரம்பியல் டாக்டரைப் பார்க்க முடியும் என்ற ஊர்களில், மாவட்ட மருத்துவமனையின் பொது மருத்துவர் ஸ்கேன் படத்தை ஸ்மார்ட்போனில் அனுப்புவார். அந்தப் பக்கம் நிபுணர் பார்த்துச் சொல்வார். ஊசியை இவர் போடுவார். மருந்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. கேரளத்திலும் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் இந்த ஊசி போடுகிறார்கள். நமக்கு மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. நமக்கு இருப்பது மவுண்ட் ரோடும், மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்த பாதைகளும்தான். காலை ஒன்பது மணிக்கு எண்ணூரிலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்கு, இமாசலத்து மலைப்பாதை ஒன்றும் பெரிதில்லை என்று புரியும்.

வெளியூர் உதாரணம்கூடத் தேவையில்லை. மாரடைப்புக்குத் தமிழ்நாடு இதே வேலையைச் செய்துகாட்டிய மாநிலம். சின்ன மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, கட்டி கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்துவிட்டு, அடுத்த சில மணி நேரத்தில் கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பைப் பார்த்து நீக்கும் கூடம்) இருக்கிற இடத்துக்கு மாற்றும் முறையை நம் மாநிலத்தில் பரிசோதித்து, 2017-ல் முடிவும் வெளியானது. இதயத்துக்கு ஒரு பொது மருத்துவர் எடுக்கிற முடிவை, மூளைக்கு மட்டும் ஏன் எடுக்கக் கூடாது? ரத்தக்கசிவு பயம் என்றால், அந்தப் பயத்துக்குத்தான் ஸ்கேனும் போனும்.

மருந்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். பல வருடங்களாக நம் மருத்துவமனைகளில் மாரடைப்புக்குக் கைகொடுத்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். விலை குறைவு. அதையே வாதத்துக்கும் போட்டுப் பார்த்த ஆய்வுகளை 1990களிலேயே கசிவும் மரணமும் அதிகமானதால் பாதியில் நிறுத்தினார்கள். ஆகவே அந்தச் சிக்கன வழி அடைபட்டுவிட்டது. வாதத்துக்கு வழக்கமான மருந்து ஆல்டெப்ளேஸ். அதில் பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்திவிட்டு, மீதியை ஒரு மணி நேரம் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்ப நினைக்கிற சின்ன மருத்துவமனைக்கு இது பெரிய தொந்தரவு. பம்ப் வேண்டும், கூடவே ஒரு நர்ஸும் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸ் அப்படி இல்லை. ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். கனடாவில் 2022-ல் வெளியான பெரிய ஆய்வில் அது ஆல்டெப்ளேஸுக்குக் குறையாத பலன் கொடுத்தது. நம் நாட்டிலேயே தயாராகிறது. 2022-ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முப்பது வருடமாக மொத்தக் கொள்முதலில் விலையைக் குறைத்து நாட்டுக்கே வழிகாட்டிய நிறுவனம். கழகம் மனது வைத்தால் விலை ஒரு தடையாக நிற்காது.

இப்போது கேஷுவாலிட்டி வாசலுக்கு வருவோம். பணம் இல்லாமலேயே நேரத்தை மீட்கக் கூடிய இடம் அதுதான். பின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவமனையில் 1998-ல் நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை நூறு நிமிடத்துக்கு மேல் ஆனது. 2011-ல் அது இருபது நிமிடம். புதிதாகப் பெரிய மெஷின் ஏதும் வாங்கி இதைச் சாதிக்கவில்லை. ஆம்புலன்ஸ் முன்கூட்டியே போன் செய்தது. நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊசியை ஸ்கேன் மேஜையிலேயே போட்டார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? ஓ.பி. சீட்டு போட ஒரு வரிசை. கேஷுவாலிட்டி ஒரு கட்டடம், ஸ்கேன் வேறு கட்டடம். நடுவில் லிஃப்ட். லிஃப்ட் ஆள் டீ குடிக்கப் போயிருப்பார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது பெரும்பாலும் நோயாளியின் மச்சானோ மருமகனோதான், அவருக்கு ஸ்கேன் அறை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஸ்கேன் அறை வாசலில் கையெழுத்து விட்டுப்போனதால் சீட்டோடு திரும்ப ஓடுவார். இதையெல்லாம் ஒரு சுற்றறிக்கையால் சரிசெய்ய முடியும். வாய் கோணல், கை பலவீனம், பேச்சுக் குழறல் என்று யார் வந்தாலும் சீட்டு பின்னால், ஸ்கேன் முன்னால். சர்க்கரையை விரல் நுனியில் பார்ப்பதற்கு மட்டும் நிற்கலாம். சர்க்கரை இறங்கினாலும் வாதம்போலவே தெரியும் என்பதால் அது அவசியம். ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் வரட்டும் என்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடாத ஆளையும் காக்க வைக்கத் தேவையில்லை.

பிபியைப் பற்றியும் அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி வேண்டும். ஊசி போடுவதற்கு முன் 185/110க்குக் கீழே இருந்தால் போதும், அதுவும் லேபெட்டலால் போன்ற மருந்தைக் கையில் ஏற்றி நிதானமாக இறக்க வேண்டும். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து மளமளவென்று இறக்குவது, அடைப்புக்கு அந்தப் பக்கம் தத்தளித்துக்கொண்டிருக்கும் மூளைப் பகுதிக்குக் கிடைக்கும் கொஞ்ச ரத்தத்தையும் பறித்துவிடும். தனியார் கிளினிக்குகளில் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்திய மருத்துவச் சங்கத்தின் சென்னைக் கிளைகள் வழியாகவாவது இதைச் சொல்லுங்கள். ஸ்கேன் இல்லாத நர்சிங் ஹோம்கள் வாத நோயாளியை அட்மிட் செய்யாமல், 108-ஐ அழைத்து உடனே அனுப்ப வேண்டும் என்ற உத்தரவும் வேண்டும். அவர்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

108-இல் வருகிற தம்பிகள் திறமைசாலிகள். அவர்களிடம் கேட்க வேண்டியது மூன்றே காரியம். நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுத வேண்டும். தூங்கி எழுந்தபோது வாதம் தெரிந்தால், எழுந்த நேரம் கணக்கில்லை, படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அதைப் பார்த்த ஆளை வண்டியில் கூடவே ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அவர் போன் நம்பரையாவது வாங்க வேண்டும். போகிற மருத்துவமனைக்கு வழியிலேயே சொல்ல வேண்டும். அருகில் எந்த ஆஸ்பத்திரி என்று பார்க்காமல், ஸ்கேனும் ஊசியும் உள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் துறைதான் தர முடியும்.

சம்மதக் கையெழுத்து தனிப் பிரச்சினை. மூத்த மகன் சோழிங்கநல்லூரில் வேலையில் இருப்பார், இல்லை துபாயில் இருப்பார். அவர் வராமல் அம்மாவுக்கு எதுவும் செய்யக் கூடாது என்று வீட்டில் நிற்பார்கள். அந்த நேரத்தில் டாக்டர் ஆங்கிலம் கலந்து அவசரமாக ரிஸ்க் என்றதும் எல்லோரும் பின்வாங்கிவிடுவார்கள். அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில், பேச்சுத் தமிழுக்குப் பக்கமான தமிழில் ஒரு தாளை அச்சடித்து வையுங்கள். இந்த ஊசி எதற்கு, போட்டால் என்ன ஆகலாம், போடாவிட்டால் என்ன ஆகும், நூற்றில் எத்தனை பேருக்கு ரத்தம் கசியலாம். மகனுக்கு வீடியோ காலில் அதையே படித்துக் காட்டட்டும்.

விழிப்புணர்வு பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வோர் அக்டோபர் 29-லும் உலக பக்கவாத நாள் என்று பேரணி போகிறோம். மக்கள் புறா ரத்தம் தடவுகிறார்கள், நாட்டு வைத்தியரிடம் போகிறார்கள் என்று குறை சொல்கிறோம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் நான் போகும் வீடுகளில் பெரும்பாலோர் அதை வாதம் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, கைவிடப்பட்ட பிறகுதான் தேடிப் போகிறார்கள். முதல் நாள் அவர்கள் ஓடியது ஆஸ்பத்திரிக்குத்தான். நேரம் போனது ஆஸ்பத்திரிக்குள்ளும், ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொன்றுக்கும் நடுவிலும். சீக்கிரம் வாருங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்னால், சீக்கிரம் வந்தவருக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

பெரிய குழாய் அடைத்தவர்களுக்கு, தொடை வழியாக வயர் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை 2015-லிருந்து நிலைபெற்றுவிட்டது. தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் வந்தது. அது பெரிய மருத்துவமனைகளின் வேலை, அதை எல்லா இடத்திலும் கேட்க நான் வரவில்லை. புறநகரில் ஊசியைப் போட்டுவிட்டு அதற்காக அனுப்பினால் போதும்.

ஊசி போட முடியாதவர்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள்தான் எப்போதும் அதிகம் இருப்பார்கள். அவர்களுக்குச் செய்யக் கூடிய மிகப் பெரிய உதவிக்குச் செலவே இல்லை. ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வாத வார்டு நர்ஸுகளுக்கு மூன்றே விஷயங்களைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன். மூன்று மாதம் கழித்து, அந்த வார்டுகளில் இருந்தவர்களில் இறந்தவர்களும் பிறரை அண்டி வாழ்பவர்களும் குறைவு. விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பது இதில் முக்கியம். வார்டில் பாட்டிக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, அது மூச்சுக்குழாயில் போய் நிமோனியா ஆகி, வாதத்தைத் தாங்கியவர் நிமோனியாவில் போன வீடுகள் உண்டு. பொது வார்டின் ஒரு மூலையில் ஆறு கட்டிலை ஒதுக்கி, இந்த மூன்றையும் தெரிந்த நர்ஸுகளை அங்கேயே நிறுத்தி, பிசியோதெரபிஸ்டை மறுநாளிலிருந்தே வரச் சொன்னால், அதுவே வாதப் பிரிவு. கல்வெட்டும் திறப்பு விழாவும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்குமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் இயக்ககத்தின் கீழ், தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் இன்னொன்றின் கீழ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூன்றாவதன் கீழ். நோயாளி இந்த மூன்றையும் ஒரே காலையில் கடந்து போகிறார், கோப்புகள் கடப்பதில்லை. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பில் வாதமும் ஒரு பிரிவாக ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே புதிய திட்டம், புதிய பெயர், புதிய லோகோ எதுவும் வேண்டாம். அதற்குள்ளேயே இந்த அரசாணை அடங்கும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வாத நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் நாலு நேரங்களை எழுதச் சொல்லுங்கள். நன்றாக இருந்த கடைசி நேரம், வாசலுக்கு வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம். போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று ஒரு வரி. மாதம் ஒருமுறை சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட மருத்துவமனைகளின் இந்தத் தாள்களை ஒரே மேஜையில் வைத்துப் பாருங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, எங்களைப் போன்றவர்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்

பின்குறிப்பு: சின்ன மருத்துவமனையில் மருந்து வாங்கி வைத்தால் காலாவதியாகிவிடும், அப்புறம் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு மருந்தாளுநர் என்னிடம் சொன்னார். நியாயமான கவலைதான். டெனெக்டெப்ளேஸ் மாரடைப்புக்கும் பயன்படும் மருந்து. காலாவதிக்குச் சில மாதம் முன்பே அந்த மருந்துக் குப்பியைக் கூட்டம் அதிகமுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டு, புதியதைப் பெற்றுக்கொள்ள அனுமதித்தால் ஒன்றும் வீணாகாது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வாதத்துக்கான அளவு மாரடைப்புக்கான அளவில் ஏறத்தாழ பாதிதான். கனடா ஆய்வில் கொடுத்தது கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், எவ்வளவு எடை இருந்தாலும் 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு அளவுகளையும் எடைவாரியாக எழுதி, மருந்து இருக்கும் ஃபிரிட்ஜின் கதவிலேயே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.